பன்னீர் திராட்சைப் பந்தலில் ஒரே ஒரு கிளை மட்டும் காய்வது ஏன்?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருப்பவர்கள் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பார்கள். பந்தல் முழுக்கப் பச்சையாக இருக்கும், நடுவில் ஒரே ஒரு கிளை மட்டும் இலை சுருண்டு, பழுப்பேறி, பிஞ்சுக் குலையோடு தொங்கும். தண்ணீர் போதவில்லை என்றால் கொடி மொத்தமும் வாட வேண்டும். வேரில் கோளாறு என்றாலும் அப்படித்தான். பூஞ்சை நோய் என்றால் பக்கத்து இலைகளிலும் கொஞ்சமாவது தடம் தெரியும். இது எதுவும் இல்லாமல் ஒரு கிளை தனியாகச் செத்திருந்தால், அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சுற்றிலும் ஒரு வளையம் தட்டுப்படும். பக்கத்துத் தோட்டக்காரர் மேல் சந்தேகம் வரும் அளவுக்குச் சுத்தமான வெட்டு.

வெட்டியது ஒரு வண்டு. ஸ்தீனியாஸ் கிரிசேட்டர் என்பது அதன் அறிவியல் பெயர், இங்கே வளைய வண்டு என்றே சொல்லிக்கொள்வோம். நீள்கொம்பு வண்டுகள் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுக்க 35,000 இனங்களுக்கு மேல் உள்ள குடும்பம் அது. தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் உறவு என்று நினைத்துவிட வேண்டாம், அது வேறு வம்சம். காண்டாமிருக வண்டின் கொம்பு முட்டி மோதுவதற்கு, இதனுடைய கொம்பு மோப்பத்துக்கும் தொடுவதற்கும். எந்தச் செடி, எங்கே துணை என்பதையெல்லாம் இருட்டில் தேடிக் கண்டுபிடிக்கிற உறுப்பு.

ஆள் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம், சாம்பலும் பழுப்பும் அழுக்கு வெள்ளையும் கலந்த நிறம், முதுகில் சிறகுறையின் மேல் கண் மாதிரி ஒரு திட்டு. உரிந்து தொங்கும் பழைய திராட்சைப் பட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டால் கையை வைக்கிற வரை தெரியாது. பகல் முழுக்க அப்படியே அசையாமல் ஒட்டிக் கிடக்கும். வேலை எல்லாம் ராத்திரியில்தான். அதனால்தான் பத்து இருபது வருடம் திராட்சை போட்டவர்கள்கூடச் சேதத்தைப் பார்த்திருப்பார்கள், வண்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். தவறிப்போய்க் கையில் பிடித்தால் கவனம், தாடை பலமானது. இந்தக் குடும்பத்து வண்டுகள் பலவும் பிடித்தவுடன் கழுத்துப் பகுதியை ஆட்டி உராய்ந்து கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தமும் போடும்.

இது புதிதாக வந்த பூச்சி கிடையாது. 1787-லேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்தாகிவிட்டது, வைத்தவர் ஃபாப்ரிசியஸ் என்ற டேனிஷ்காரர், லின்னேயஸின் மாணவர். (அந்தக் காலத்தில் நம்ம தரங்கம்பாடி டென்மார்க்கின் கையில் இருந்தது. அங்கே வந்து தங்கிய கோனிக் என்ற இன்னொரு லின்னேயஸ் மாணவர் சேகரித்த தமிழ்நாட்டுப் பூச்சிகள் நிறைய ஃபாப்ரிசியஸ் கையால் பெயர் வாங்கின.) இவ்வளவு பழைய பெயர் இருந்தும் யாருக்கும் தெரியாத வண்டாகவே இது இருப்பதற்கு ஒரு காரணத்தை என்னால் சொல்ல முடியும். ஆங்கிலேயர் காலத்தில் இந்திய உயிரினங்களை வரிசையாகத் தொகுத்துப் போட்ட நூல்களில் நீள்கொம்பு வண்டுகளுக்கான தொகுதி 1906-ல் வந்தது, எழுதியவர் கஹன். ஆனால் அதில் லாமியினே என்ற துணைக்குடும்பம் சேரவில்லை. நீள்கொம்பு வண்டுகளிலேயே அதிக இனங்கள் இருப்பது அதில்தான், நம்ம வளைய வண்டு இருப்பதும் அதில்தான். பிறகு ப்ராய்னிங் என்ற ஆஸ்திரியர் ஒருவர் பாரிஸில் உட்கார்ந்துகொண்டு உலகத்து லாமியினே வண்டுகளை ஆயிரக்கணக்கில் விவரித்துத் தள்ளினார். அது நிபுணர்களுக்கான சரக்கு. ஒரு கல்லூரி மாணவர் வண்டைக் கையில் வைத்துக்கொண்டு இது எது என்று பார்க்கிற மாதிரி ஒரு நூல் அந்த வரிசையில் இந்தப் பிரிவுக்குக் கிடைக்கவே இல்லை. பயிர்ப் பூச்சிக் கையேடுகளில் ஒரு பத்தி வரும், அவ்வளவுதான்.

சரி, வண்டு செய்கிற வேலைக்கு வருவோம். முட்டையிடத் தயாரான பெண் வண்டு ராத்திரியில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்து தாடையால் கடித்து ஒரு பள்ளம் வெட்டுகிறது. ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிகிற முழு வளையம். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளத்தின் இரண்டு ஓரமும் கடைசல் பிடித்தது போல இருக்கும், அடியில் வெள்ளைக் கட்டையின் மேல் நுணுக்கமான பல்தடங்கள் வரிசையாகத் தெரியும், கீழே உள்ள இலையிலோ கொடியின் மூட்டிலோ கொஞ்சம் மரத்துகள் உதிர்ந்து கிடக்கும். வளையத்துக்கு மேலே, அதாவது சாகப்போகிற பக்கத்தில், பட்டையில் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும். கத்தி நுனியால் அந்த இடத்தில் பட்டையை லேசாகத் தூக்கினால் உள்ளே முட்டை. ஒரு கீறலில் ஒன்று, சில சமயம் இரண்டு மூன்று.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்த வெட்டின் ஆழம். மரத்தின் குழாய் வேலை எப்படி என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பட்டையை ஒட்டிய அடுக்கு வழியாக இலையில் தயாரான சர்க்கரை கீழே இறங்குகிறது. உள்ளே இருக்கும் கட்டைப் பகுதி வழியாக வேர் உறிஞ்சிய தண்ணீர் மேலே ஏறுகிறது. பட்டையை மட்டும் வளையமாக எடுத்தால் சர்க்கரை கீழே இறங்க முடியாமல் மேலேயே தேங்கும், தண்ணீர் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும், கிளை சாகாது. இதை மனிதர்கள் வேண்டுமென்றே செய்வார்கள். விதையில்லாத் திராட்சை ரகங்களில் காய் பிடித்தபின் தாய்க்கொடியிலோ கிளையிலோ மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி எடுத்துவிடுவது பல நாடுகளில் பழைய வழக்கம், தேங்கிய சர்க்கரையில் பழம் பருக்கும். சில வாரங்களில் அந்தக் காயம் தானாக மூடிக்கொள்ளும். ரெட்டைக் கத்தி வைத்து அளந்து வெட்ட வேண்டிய வேலை, கொஞ்சம் ஆழமாகப் போனால் கொடிக்கே ஆபத்து.

வண்டு அந்தக் கொஞ்சம் ஆழத்துக்கு வேண்டுமென்றே போகிறது. பட்டையோடு நிற்காமல் கட்டைக்குள்ளும் இறங்குவதால் கீழ்நோக்கிய சர்க்கரை ஓட்டமும் நிற்கிறது, மேல்நோக்கிய தண்ணீரும் அறுபடுகிறது. இலை வாடுகிறது, கிளை மெல்லச் சாகிறது, ஆனால் அந்தக் கிளைக்குள் இருந்த மாவும் சர்க்கரையும் வேருக்குப் போக வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. வண்டுக்கு வேண்டியது இதுதான்: செத்துக்கொண்டிருக்கிற, ஆனால் சத்து இன்னும் போகாத கட்டை.

ஏன் உயிருள்ள கிளையிலேயே முட்டையிட்டால் ஆகாதா? சில நீள்கொம்பு வண்டுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் உயிருள்ள கட்டை சும்மா இருக்காது. காயம் பட்ட இடத்தில் சாறு பெருகும், பிசின் வடியும், புதுத் திசு வளர்ந்து முட்டையை நசுக்கும். முற்றிலும் காய்ந்த விறகில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சாப்பாடும் இல்லை. மரக்கட்டை என்பது புழுவுக்கு மகா மட்டமான உணவு. அதில் நைட்ரஜன் பெரும்பாலும் 0.1 சதவீதத்துக்கும் கீழே, அதை வைத்து உடம்பு வளர்க்க வேண்டும் என்றால் மாதக்கணக்கில், சில இனங்களுக்கு வருடக்கணக்கில், தின்றுகொண்டே இருக்க வேண்டும். ஸ்ட்ரோமேஷியம் பார்பேட்டம் என்று இதே குடும்பத்தில் இன்னொரு வண்டு உண்டு, அதன் புழு உலர்ந்த மரச்சாமான்களுக்குள் பல வருடம் கிடந்து வளரும். நாற்காலி வாங்கி நாலைந்து வருடம் கழித்து அதன் காலிலிருந்து வண்டு துளைத்துக்கொண்டு வெளியே வருவது இந்த வகையில்தான். வளைய வண்டு இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பிடித்திருக்கிறது, எதிர்ப்பை வெட்டிவிட்டு உணவை மட்டும் வைத்துக்கொள்கிற வழி.

முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பொரிகிறது. வெளியே வரும் புழுவுக்குக் கால் கிடையாது. வெளுத்த மஞ்சள் உடம்பு, தலைப்பக்கம் தடித்து, கறுத்த தாடை மட்டும் பலமாக இருக்கும். அது காய்கிற கிளைக்குள்ளேயே பட்டையை ஒட்டித் தின்று, அப்புறம் கட்டைக்குள் குடைந்து, பின்னால் தான் தின்ற தூளை அடைத்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் இந்த வாழ்க்கை. அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ஒரு வட்ட ஓட்டை போட்டு வெளியே வரும்.

இந்த உத்தி உலகத்தில் இதற்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்கக் கண்டங்களில் ஒன்சிடெரெஸ் என்ற பேரினத்து வண்டுகள் இதே மாதிரி கிளையை வளையமாக வெட்டி அதில் முட்டையிடுகின்றன. அவை லாமியினேயிலேயே வேறு கிளையைச் சேர்ந்தவை, நெருங்கிய உறவு கிடையாது. அங்கே வெட்டுப்பட்ட கிளை காற்றில் முறிந்து தரையில் விழும். மெக்சிகோவின் வறண்ட காடுகளில் இப்படி விழுந்த கிளைகளைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள், அவற்றுக்குள் வேறு பல வண்டு இனங்களும் குடியேறி வாழ்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு வண்டு வெட்டிய கட்டை ஊருக்கே வீடாகிவிடுகிறது.

நம்ம பந்தலில் கதை கொஞ்சம் மாறுகிறது, இங்கேதான் பிரச்சினையே. கல்கால் நட்டுக் கம்பி இழுத்துப் படரவிட்ட கொடியில் வெட்டுப்பட்ட கிளை கீழே விழாது. பற்றுக்கம்பிகள் சுருண்டு கம்பியைப் பிடித்திருக்கும், சணல் கட்டு வேறு இருக்கும். செத்த கிளை மழைக்குக் கீழே ஊறாமல், கறையான் ஏறாமல், காற்றோட்டமாக மேலேயே தொங்கும். புழுவுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அடுத்த கவாத்து வரும்போது ஆட்கள் அதையும் மற்ற குச்சிகளோடு சேர்த்து வெட்டி வரப்போரம் போட்டுவிடுவார்கள். அங்கே அது குவியலாகக் கிடக்கும், அல்லது அடுப்புக்கு ஆகும் என்று வீட்டுப் பக்கம் அடுக்கி வைக்கப்படும். உள்ளே இருக்கும் புழுவுக்கு வெட்டியதும் தெரியாது, குவித்ததும் தெரியாது. அது பாட்டுக்குத் தின்று முடித்து வண்டாகிப் பறந்து வந்து, நாலு வரிசை தள்ளி இன்னொரு கிளையில் வளையம் போடும்.

இன்னொன்றும் சேர்கிறது. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கமெல்லாம் பன்னீர் திராட்சைக்கு ஒரே ஒரு பருவம் என்று கிடையாது. இந்த மண்ணும் தட்பவெப்பமும் கொடியைத் தூங்க விடுவதில்லை, ஆளுக்கு ஒரு மாதத்தில் கவாத்து வெட்டி வருடம் முழுக்கப் பழம் அறுக்கிறார்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு இந்த வருடம் முழுதும் கிடைக்கும் பழம் ஒரு முக்கியமான பெருமை. ஆனால் ஊரில் எப்போதும் எங்கேயாவது ஒரு குச்சிக் குவியல் இருந்துகொண்டே இருக்கிறது என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. வண்டின் கணக்கில் அது நல்ல ஏற்பாடு.

ஒரு கிளை காய்ந்தால் நம்ம ஆட்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? காய்ந்த இலையைப் பறித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவார்கள். அங்கே இலையைப் பார்த்துவிட்டுப் பூஞ்சாணத்துக்கு ஒரு மருந்து கொடுப்பார்கள். கடைக்காரரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது, மழை பிடித்தால் அடிச்சாம்பல் நோயில் தோட்டமே போய்விடும் என்ற பயம் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் உண்டு, அது நியாயமான பயம்தான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிச்சாம்பல் நோய்க்கு நல்ல மருந்து, 1880-களில் பிரான்சின் திராட்சைத் தோட்டத்திலேயே பிறந்தது. ஆனால் அது கட்டைக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. இலையைக் கொண்டு போனால் இலைக்குத்தான் பதில் கிடைக்கும். கிளையை வளையத்தோடு வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.

வேறு துளைப்பான்களோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. செலொஸ்டெர்னா ஸ்கேப்ரேட்டர் என்று இன்னொரு நீள்கொம்பு வண்டு, கருவேல மரத்தில் பேர்போனது, மகாராஷ்டிரத் திராட்சைத் தோட்டங்களில் பெரிய தலைவலி. அது உயிருள்ள தண்டுக்குள்ளேயே புழுவாக இருந்து குடையும், ஓட்டை வழியாக மரத்தூளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், கொடி முழுக்க மெதுவாகச் சோர்ந்துபோகும். தூள் கொட்டும் ஓட்டையும் மொத்தக் கொடியின் சோர்வும் தெரிந்தால் அந்த வகை. ஒரே கிளை, சுற்றிலும் வெட்டு, தண்டில் ஓட்டை இல்லை என்றால் வளைய வண்டு. இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

மலை ஏறி குமுளிப் பக்கம் போனாலும் இதே குடும்பம்தான், ஆள் மட்டும் மாறும். பலாவிலும் மாவிலும் அடிமரத்தைக் குடைகிற பெட்டோசெரா வண்டு ஐந்து சென்டிமீட்டர் வரை இருக்கும், அதை வீட்டுச் சுவரில் பார்த்துப் பயந்தவர்கள் நிறைய. அராபிகா காப்பி உள்ள தோட்டங்களில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்றால் எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். வெயில் நேராகப் படுகிற செடியைத்தான் அது அதிகம் தேடும், அதனால் நிழல் மரத்தைக் கண்டபடி வெட்டக் கூடாது என்பார்கள். இவை இரண்டும் பணப்பயிரை அடியோடு கொல்வதால் புகழ் பெற்றவை. வளைய வண்டு ஒரு கிளையோடு நிறுத்திக்கொள்வதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆனால் அதுவும் இங்கே எல்லாம் இருக்கிறது. திராட்சை அதற்கு ஒரே உணவு இல்லை. மல்பெரி, மா, பலா, சவுக்கு, அரளி, ரோஜா, குரோட்டன்ஸ், காகிதப்பூ என்று அதன் பட்டியல் நீளம். குமுளி எல்லையில் வரிசையாக இருக்கும் தங்கும் விடுதிகளின் சுற்றுச்சுவரில் படர்ந்த காகிதப்பூவில் ஒரு கொப்பு மட்டும் காய்ந்து தொங்கினால், தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றவில்லை என்று திட்டு வாங்குவதற்கு முன்னால் அந்தக் கொப்பின் அடியையும் ஒருமுறை பார்க்கலாம். பட்டுப்புழுவுக்காக மல்பெரி போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அவர்கள் செடியில் மருந்து அடித்தால் இலையைத் தின்னும் பட்டுப்புழுவும் போய்விடும். அவர்களுக்குக் கையால் பார்த்து வெட்டுவதைத் தவிர வேறு சுலபமான வழி கிடையாது.

திராட்சைக்கும் உண்மையில் அதுதான் வழி. பழைய பயிர்ப் பாதுகாப்புக் குறிப்புகளில் வளைய வண்டுக்கு கார்பரில் என்ற பூச்சிமருந்துத் தூளைக் கரைத்துத் தண்டில் பூசச் சொல்லியிருக்கும். அந்தக் குறிப்புகள் இன்னும் படியெடுக்கப்பட்டுச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கார்பரில் இந்தியாவில் 2018-ல் தடை செய்யப்பட்டுவிட்டது, எங்காவது பழைய சரக்கு கிடைத்தாலும் வாங்கிவிடாதீர்கள். மருந்து என்ற யோசனையே இங்கே பெரிதாக உதவாது. முட்டை பட்டைக்குள், புழு கட்டைக்குள், வண்டு ராத்திரியில் தோட்டத்துக்கு ஒன்று இரண்டு. எதன் மேல் அடிப்பது?

இந்தப் பூச்சியில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மற்ற துளைப்பான்கள் எல்லாம் மறைந்திருந்து கெடுக்கும், சேதம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். இது தன் பிள்ளைகளை வைத்த இடத்தைத் தானே காய வைத்துக் காட்டிக்கொடுக்கிறது. காய்ந்த கிளை கண்ணில் பட்ட அன்றைக்கே வளையத்துக்கு ஒரு சாண் கீழே, நல்ல பச்சைக் கட்டையில் வெட்டுங்கள், அங்கிருந்து புதுத் தளிர் வரும். வெட்டியதைத் தோட்டத்தை விட்டு எடுத்துப் போய் எரித்துவிட வேண்டும், வரப்பில் போடக் கூடாது, அடுப்புக்கு என்று சேர்த்து வைக்கவும் கூடாது. கவாத்து முடிந்த கையோடு முழுக் குவியலுக்கும் இதே விதி. தாய்க்கொடியில் உரிந்து தொங்கும் பழைய பட்டையைக் கையால் தேய்த்து எடுத்துவிட்டால் வண்டு பகலில் ஒளிய இடம் குறையும், அந்தத் தேய்ப்பிலேயே சில வண்டுகள் கையோடு வரும்.

புதிதாக வளையம் கண்ட தோட்டத்தில் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பந்தலுக்குக் கீழே ஒரு சுற்று வந்தால், வெட்டிக்கொண்டிருக்கிற பெண் வண்டே அகப்படலாம். அது வேலையில் இருக்கும்போது அவ்வளவு சீக்கிரம் பறக்காது. கீழே ஒரு பக்கெட்டில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டு கிளையைத் தட்டினால் போதும். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் அவர் குவியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், ஏனென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு மாதமாகக் கிடக்கும் குச்சிகளிலிருந்து வருகிற வண்டுக்கு உங்கள் பந்தல் ரொம்பப் பக்கம்.